காஜா பேராங் வாசகசாலைச் சொற்கள்

வாசகசாலை மேசையில் கட்டியிருந்த மலாய்–தமிழ்ச் சொல்லேட்டைக் காணோம். கயிறு மட்டும் தொங்குகிறது. யாரும் அதில் பென்சிலால் சொல் எழுதலாம், இன்னொருவர் சரிபார்த்து மையிடுவார். மூன்றாண்டு வழக்கம். மெர்டேக்கா சுதந்திர நாள் வாரத்து மாலை வெயிலில், தையல்காரி கமலவேணி அச்சு மணம் மாறாத அகராதியைப் புரட்டுகிறாள். முகப்பில் ஒரே பெயர்: பொன்னுதுரை. எதிரே உட்கார்ந்திருக்கிறார், அவள் சொற்களுக்கெல்லாம் மையிட்டவர். பெயருக்குக் கீழே, ‘அனுமதியின்றி எவரும் எடுத்தாளக் கூடாது.’ உள்ளே, ஏட்டில் அவள் கடைசியாக எழுதிய சொல்: ‘பெனித்தி – பொத்தான்.’ பெனித்தி என்றால் ஊக்கு. அவசரத்தில் அவள் செய்த பிழை, யாரும் சரிபார்க்காமலே அச்சேறியிருக்கிறது. கொண்டையில் செருகிய பென்சிலை அவள் கை தானாக உருவுகிறது.

“புது புக்கு லா, அக்கா,” பொன்னுதுரை பதறுகிறார். “கிறுக்கிடாதீங்க.”