விடாப்பிடித் துத்தநாகம்

ஆய்வுக்கூட மேசையில் இரண்டு குப்பிகள். ஒன்றில் தாமிரச் சேர்மம், மற்றதில் துத்தநாகச் சேர்மம். கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டும், சூடாக்கினால் விட வேண்டும். அதுதான் வேலை. தேறாதது வெளியே போகும்.

லேசாகச் சுட்டதுமே தாமிரம் வாயுவை விட்டுவிட்டது.

"இதுக்கே விட்டுட்டியா? வெக்கமா இல்ல?" என்றது துத்தநாகம்.

"விடத்தானே நம்மளச் செஞ்சிருக்காங்க?"

"எங்கிட்ட சிக்கினா சிக்கினதுதான்."

இருநூறு டிகிரியிலும் துத்தநாகம் அசையவில்லை. மறுபடி வாயு வந்தபோது தாமிரம் அள்ளிக்கொண்டது. துத்தநாகத்திடம் இடமே இல்லை.

ஆய்வாளர் அமலி பெருமூச்சு விட்டு, துத்தநாகக் குப்பியை எடுத்து, மின்விசிறிக் காற்றில் படபடத்த காகிதங்கள்மேல் வைத்தார்.

துத்தநாகம் தாமிரத்தைத் திரும்பிப் பார்த்தது. "பாத்தியா, பதவி உயர்வு. இதுல ஒண்ணக்கூட விடமாட்டேன்."