மணல் டாக்டர்

திரையில் சிவப்பும் நீலமுமாய் இரண்டு கோடுகள் இருந்தன. டைரக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தும் அவருக்கு ஒன்றுதான் தெரிந்தது. அப்படி ஒட்டிக்கொண்டு கிடந்தன இரண்டும்.

"சிவப்பு நான் கணக்குப் போட்டுச் சொன்னது சார். நீலம், எண்ணெய் வயல்ல நெஜமா நடந்தது" என்றாள் டாக்டரம்மா. ஊசி போடும் டாக்டர் இல்லை. மணலை ஆராய்ந்து பட்டம் வாங்கியவள்.

கிணற்றிலிருந்து சீறி வரும் வாயுவோடு மணலும் வந்து குழாயை அரிக்கும். உரசி உரசி அந்தத் துகள்களில் மின்சாரம் ஏறிவிடும். தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுக்குமே, அந்தச் சங்கதிதான். எவ்வளவு ஏறும், எவ்வளவு மணல் வரும் என்று தினமும் காலையில் அவள் கணித்து வயலுக்கு அனுப்புவாள். அங்கே நிஜமாக வருவதை அளப்பதற்கென்றே விலை உயர்ந்த புத்திசாலிக் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அன்றைய அளவு மாலையில் அங்கிருந்து வந்துவிடும்.

இன்று டைரக்டர் தலையாட்டினால் அவளுக்குத் தனிப் பிரிவே கிடைக்கும். ஆட்டாவிட்டால் மறுபடியும் முட்டுக்கட்டையின் கீழ் பம்பு ரிப்பேர்க் கணக்குதான்.

முட்டுக்கட்டை அவளுடைய மேலதிகாரி. பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்திருந்தார்கள். மூன்று வருஷமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம் மணலைக் கயிறாய்த் திரித்து முடித்தாயிற்றா என்று கேட்டுக் கேட்டே இந்தப் பெயரைச் சம்பாதித்தார். இப்போதும் சும்மா இருக்கவில்லை. நிஜமென்றால் எங்கேயாவது கொஞ்சம் இடிக்குமே என்று முனகினார். பொறாமைக்கு மருந்து ஏது என்று அவள் கண்டுகொள்ளவில்லை.

அவளை மதித்த ஒரே ஜீவன் வயல் சூப்பர்வைசர்தான். அவளுடைய கணக்கு கொஞ்சம் தாமதமானாலும் போனில் வந்துவிடுவார். "உங்க கணக்கு வராம இங்க எனக்கு வேலையே ஓடலை மேடம்" என்பார். கட்டிய புருஷன்கூட அவளை அப்படித் தேடியதில்லை.

டைரக்டர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். முட்டுக்கட்டை பிஸ்கட்டை வாயில் வைத்தபடி கடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் நன்றி மறக்காத பிறவி. அந்தச் சூப்பர்வைசர் புண்ணியவானையும் நாலு பேர் முன்னால் பாராட்ட வேண்டும் என்று போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

டைரக்டர் அவரை வாயாரப் புகழ்ந்தார். இந்த வெயிலிலும் புழுதியிலும் கருவி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லையே, அப்படி எப்படிப் பார்த்துக்கொள்கிறாய் என்று கேட்டார்.

சூப்பர்வைசர் கூச்சத்தோடு சிரிப்பது கேட்டது.

"பெட்டியையே இன்னும் பிரிக்கலையே சார், மேடம் காலையில அனுப்பறதைத்தான் சாயங்காலம் அப்படியே திருப்பி அனுப்பிடறேன்."