வாசலில் ஊற்றிய தண்ணீர்

"இந்த ரெண்டு வாலுங்களையும் அவ்வளவு நேரம் விமானத்துல எப்படி உட்கார வைக்கப் போறே, போயான்?" என்று குளிர்காலத்திலேயே கேட்டிருந்தாள் நேவெனா.

"நீ பெட்டியைக் கட்டிக் குடு. மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தான் அவன்.

ஆஸ்திரேலியா கிளம்பும் நாளும் வந்துவிட்டது. போயானின் மகன் ரெல்யா சோபாவில் குதித்துக்கொண்டே இருந்தான்.

"கங்காரு உதைக்குமா?"

"உன்னைப் பாத்தா அதுவே ஓடிடும்!" என்று அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள் நேவெனா. போயான் ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று அவள் மனம் ஏங்கியது. அவனோ பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

பெல்கிரேட் விமான நிலையத்துக்குப் போக போயானும் பிள்ளைகளும் காரில் ஏறினார்கள். நேவெனா ஏறவில்லை. குவளைத் தண்ணீரோடு வாசலில் நின்றாள். பயணம் போகிறவர்களின் பின்னால் தண்ணீர் ஊற்றி வழியனுப்புவது, ஊரில் தங்குகிறவர்களின் வேலை. தாயில்லாத அந்தப் பிள்ளைகளுக்கு அவள் எதிர்வீட்டுக்காரி மட்டும்தான்.

கார் நகர்ந்தது. ஊற்றினாள். சட்டென்று கார் நின்றது. போயான் இறங்கி ஓடி வந்தான்.

"அப்பா! தண்ணி ஊத்தினப்புறம் திரும்பக் கூடாது!" என்று அலறினாள் மகள் உனா.

"பரவாயில்லை கண்ணு!" என்றவன், ஈரத் தரையில் மூச்சு வாங்க நின்றான்.

"நேவெனா, ஒரு வார்த்தை ரெண்டு வருஷமா தொண்டையிலேயே நிக்குது. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?"