எஞ்சின் பார்த்த திசை

புதுக்கோட்டையில் பால்துரை அண்ணாச்சி கட்டிய ஹோட்டல் வாசலில், அவர் ஏலத்தில் எடுத்த பழைய நீராவி எஞ்சின் ஒன்று நின்றது. கிளைப்பாதைகளின் குறுகிய வளைவுகளுக்கென்றே அந்தக் காலத்தில் செய்த வகை அது. முன்சக்கரங்கள் தனிச் சட்டத்தில் இருக்கும். நடுவிலுள்ள மூட்டில் அந்தச் சட்டம் இடமும் வலமும் திரும்பும். வாசலில் போட்ட தண்டவாளமோ நேரானது. அதனால் மூட்டு அசையாதபடி வெல்டர் ஜாபேஸ் பற்றவைத்திருந்தான்.

மறுநாள் காலையில் வெல்டிங் விட்டுப்போயிருந்தது. முன்சக்கரங்கள் தண்டவாளத்தைவிட்டு இறங்கி, வாட்ச்மேன் குடிசையைப் பார்த்து நின்றன. ஜாபேஸ் ஜாக்கி வைத்து நிமிர்த்தி, மறுபடியும் பற்றவைத்தான். சாயங்காலம் வாட்ச்மேன் செத்துப்போனார்.

அடுத்த நாள் எஞ்சின் எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்து நின்றது. அன்றும் நிமிர்த்தினான். விளக்கு வைக்கிற நேரத்தில் கடைக்காரர் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாம் நாள் எஞ்சின் பார்த்த திசையில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அதன் வாசலில் ஜாபேஸின் மனைவி ஈவாஞ்சலின் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏலே, நாளைக்குத் திறப்பு விழா. நிமித்துதியா, வேற ஆளப் பாக்கட்டா?" என்றார் அண்ணாச்சி.

"நிமித்துனா நிக்க மாட்டேங்கு அண்ணாச்சி. வளைவாவே விட்டுருவோம்."

ஜாபேஸ் ஜாக்கியை வைத்து முன்சக்கரங்களை இன்னும் கொஞ்சம் திருப்பினான். அவன் வீடு விலகியது. அடுத்து வந்தது அண்ணாச்சியின் மாடி வீடு. அங்கே நிறுத்திப் பற்றவைத்தான்.

அண்ணாச்சி தள்ளி நின்று பார்த்தார்.

"இப்பத்தாம்ல அம்சமா இருக்கு. எம் பேத்தி மாடியில நின்னே பாத்துக்கிடுவா."