ஐயர் குறித்த நேரம்

பஞ்சாங்கம் பார்த்து ஐயர் குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில் தேம்ஸ் ஆறு வற்றிக் கிடக்கிறது. கடலோடு சேர்ந்து இந்த ஆறும் ஏறி இறங்கும் என்பதை வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. கணவனின் அஸ்திச் செம்பை நெஞ்சோடு அணைத்தபடி சந்திரவதனா பாலத்தடிச் சேற்றில் நிற்கிறாள். மங்கிய வெயில் சேற்றின் மேல் எண்ணெய்போல மினுங்குகிறது. யார் யாரோ எதையெதையோ துடைத்துக் கழிவறையில் போட, சாக்கடையோடு ஆற்றுக்கு வந்த வெட் வைப்ஸ் ஈரத்தாள்கள், உரிந்த தோல்போலக் கற்களில் ஒட்டிக் கிடக்கின்றன. மலநாற்றம் தொண்டைவரை ஏறுகிறது. மேலே மதிலோரம் ஒரு வழிகாட்டி, ரோமர்கள் இந்த ஆற்றுக்குக் காணிக்கை போட்ட கதையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். “மச்சாள், நேரம் முடியப்போகுது. கெதியாக் கரையுங்கோ,” என்கிறான் கணவனின் தம்பி புவனேந்திரன், மூக்கைப் பொத்திக்கொண்டு. “இந்தப் பீக்குள்ளயோ? ஏலாது. ஒரு நாளைக்கு ரெண்டுதரம் குளிச்ச மனுசன்.” செம்பில் சேறு தெறித்திருக்கிறது. கைப்பையைத் துழாவி ஒரு வெட் வைப்பை உருவி, செம்பை அழுத்தி அழுத்தித் துடைக்கிறாள். துடைத்து முடித்ததும், பழுப்பேறிய அந்தத் துண்டை விரல்நுனியில் தூக்கிப் பிடித்தபடி காலடியைப் பார்க்கிறாள். அங்கே கிடப்பவையும் இதேதான். நாற்றம் இப்போது அவளுடைய கையிலிருந்து வருகிறது.