மனுவுக்கு ஒரு காரணம்

“காரணம்னு ஒண்ணு வேணுமேங்க. சும்மா பிரிச்சு விடுன்னா ஜட்ஜு பிரிச்சு விடுவாரா?” என்றார் வக்கீல் குமாஸ்தா இளையபெருமாள்.

“நீயே ஒண்ணு எழுதுய்யா. என் பேரு கெட்டாலும் பரவாயில்ல, நெலம் போகக் கூடாது,” என்றார் குத்தாலம் மிராசுதார் வைரக்கண்ணு.

நில உச்சவரம்புச் சட்டம் வந்தபிறகு அந்தத் தஞ்சாவூர் வக்கீல் ஆபீஸுக்கு விவாகரத்து கேட்டு வரும் நாலாவது அன்னியோன்னியத் தம்பதி இவர்கள். பிரிவு காகிதத்தில் மட்டும்தான். பாதி நிலம் மனைவி பேரில் தப்பிவிடும். குடித்தனம் வழக்கம்போல் ஒரே வீட்டில்.

குமாஸ்தா வழக்கமான பொய்யை எழுதினார்: ‘கணவர் அடிக்கிறார்.’

“அது பத்தாதுங்க,” என்றாள் மிராசுதாரின் மனைவி நீலாம்பாள். “தைப்பொங்கலன்னிக்குச் சோறு அடிப்பிடிச்சதுக்குக் கரண்டியக் காய்ச்சி இழுத்தாருன்னு எழுதுங்க. பதினெட்டாம் பெருக்குக்கு ஆத்துக்குப் போனதுக்கு மூணு நாள் நெல்லு ரூம்ல பூட்டி வச்சாருன்னு போடுங்க.”

மிராசுதார் தொடையைத் தட்டிச் சிரித்தார். “பலே! ஜட்ஜு அப்படியே நம்பிடுவாரு!”

வெற்றிலை துப்ப அவர் வெளியே போனதும், நீலாம்பாள் ரவிக்கைக் கையை மேலேற்றினாள். கரண்டி நீளத்துக்கு ஒரு தழும்பு. இருபது வருஷத்தில் முதல்முறையாக உண்மை எழுதிவிட்ட குமாஸ்தாவின் பேனா அப்படியே நின்றது.

“அய்யா,” என்றாள் அவள் தணிந்த குரலில். “தீர்ப்புக்கப்புறம் நான் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேணாம்னு, அதுலயே ஒரு வரி சேத்து எழுதிடுறீங்களா?”