கையெழுத்து வாங்காத வாத்தியார்

“பிறப்புப் பத்திர நகல் மங்கலா இருக்கு. திங்கக்கிழமை வேற கொண்டுட்டு வாங்க.”

கட்டொழுங்கு ஆசிரியர் கமலநாதன் பள்ளி மாற்ற விண்ணப்பப் பாரத்தைத் திருப்பித் தள்ளினார். கஸ்தூரி அதை மறுபடி அவர் பக்கமே நகர்த்தினாள்.

புதன்கிழமை, நீல மையில் எழுதக் கூடாது என்றார். வியாழக்கிழமை, அப்பா கையெழுத்தும் வேண்டும் என்றார். விடியுமுன்னே சிங்கப்பூருக்கு லோரி ஓட்டப் போகிற மனுசனைப் பிடித்து நிறுத்தி, கையெழுத்து வாங்கியாயிற்று. இன்றைக்கு நகல் மங்கலாம்!

“இப்பவே எதிர்க்கடையில எடுத்துட்டு வந்துடறேன் சார்.”

“நான் இருக்க மாட்டேன்.”

“இந்த வாரத்துக்குள்ள முடிக்கணும்னு தலைமையாசிரியர் சொன்னாரே! நானே விரும்பி வேற பள்ளிக்கு மாத்திக்கிறேன்னு எழுதிக் கொடுக்கலைன்னா, பையனை நீக்கிடுவாங்களாம். அப்புறம் எவன் சார் சேத்துக்குவான்? அடுத்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை!”

கமலநாதன் அடுத்த கோப்பை எடுத்துப் பிரித்தார்.

கஸ்தூரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“கேண்டீன்ல ரெண்டு பசங்களும்தானே அடிச்சிக்கிட்டாங்க? அவன் பெற்றோர் சங்கத் தலைவர் மகன், வெறும் எச்சரிக்கையோட வகுப்புல உக்காந்திருக்கான். என் ஜீவன் மட்டும் வெளிய போகணுமா? ஒரே தப்புக்கு ஒரே தண்டனைன்னு சட்டம் போட்டிருக்காங்களாமே?”

“அது இன்னும் அமலுக்கு வரலம்மா. திங்கக்கிழமை வாங்க.”

நெஞ்சில் ஈரமில்லாத ஆளு! நம்ம ஆளே நமக்குக் குழி பறிக்கிறானே என்று மாசாயில் வீடு வந்து சேரும்வரை மோட்டார் சைக்கிளில் திட்டிக்கொண்டே வந்தாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை.

“எனக்காக லீவு போட்டு அலையாதீங்கம்மா. நான் ஃபேக்டரி வேலைக்கே போயிடறேன் லா” என்றான் ஜீவன்.

பதினாறு வயசில் பேசுகிற பேச்சா இது?

திங்கள் காலை, பள்ளிக்கூட மணி அடிக்குமுன்னே போய் நின்றாள். மகனையும் கையோடு இழுத்து வந்திருந்தாள். இன்றைக்கும் ஏதாவது நொட்டை சொன்னால் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு.

கமலநாதன் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார்.

“எல்லாம் சரியா இருக்கு.”

சொல்லிக்கொண்டே பாரத்தை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

“ஐயோ! என்ன சார் பண்ணிட்டீங்க!”

“ஜீவன், நீ வகுப்புக்குப் போ. அம்மா, இன்னிக்கு ஒண்ணாம் தேதி. சட்டம் அமலுக்கு வந்தாச்சு. இனிமே ரெண்டு பசங்களையும் ஒண்ணா உக்கார வெச்சு விசாரிக்காம யாரையும் வெளிய அனுப்ப முடியாது.”

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?”

“சொல்லியிருந்தா விஷயம் தலைமையாசிரியர் காதுக்குப் போயிருக்கும்” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “புதன்கிழமையே நான் இந்தக் கையெழுத்தை வாங்கியிருந்தா, உங்க பிள்ளையை நீங்களே வெளிய அனுப்பினதா கதை முடிஞ்சிருக்கும்மா.”